மேற்குக் குமரியின் வீட்டுப் பட்டறைக்கு வயர் கருவியா, பேட்டரி கருவியா?

மார்த்தாண்டம், அருமனை, குலசேகரம், களியக்காவிளை என்று கேரள எல்லையை ஒட்டிய ஊர்களில், வீட்டின் பின்புறச் சாய்ப்பிலோ கார் நிறுத்தும் இடத்தின் ஒரு மூலையிலோ சிறு பட்டறை போட்டுக்கொள்வோர் பலர். விளையில், அதாவது வீட்டுத் தோப்பில், நின்ற அயனியோ பலாவோ வெட்டப்பட்டு, அறுப்பு மில்லுக்குப் போய்ப் பலகையாக வீடு திரும்பும்போது, அதைக் கொண்டு ஓர் அலமாரியையோ பிள்ளைகளின் படிப்பு மேசையையோ நம் கையாலேயே செய்துவிடலாம் என்ற ஆசை எழுவது இயல்பு. அந்த ஆசையோடு கடைக்குப் போகிறவருக்கு முதலில் வரும் குழப்பம், வயர் உள்ள கருவி வாங்குவதா, பேட்டரியில் ஓடுவது வாங்குவதா என்பதுதான். கடைக்காரர் தம்மிடம் இருப்பில் உள்ளதைப் புகழ்வார். இணையத்தில் தேடினால் வயரின் காலம் முடிந்துவிட்டது என்பார்கள். இரண்டையும் தள்ளி வைத்துவிட்டு, வாங்கப்போகும் ஒவ்வொரு கருவியைப் பற்றியும் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொண்டால் போதும். அந்தக் கருவி நிறுத்தாமல் எவ்வளவு நேரம் ஓட வேண்டும்? வேலை நடக்கும் இடத்துக்கும் பிளக் பாயிண்டுக்கும் எவ்வளவு தூரம்?

சுவிட்சை அழுத்தி ஐந்து பத்து விநாடிகளில் விட்டுவிடுகிற வேலைக்குப் பேட்டரி கருவி ஏற்றது. நிமிடக்கணக்கில் அழுத்திப் பிடித்தே இருக்க வேண்டிய வேலைக்கு வயர் கருவி ஏற்றது. விளையின் கடைக்கோடியில் வேலி அடைப்பது, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குத் தாங்கி பொருத்துவது போன்ற வேலைகளில் மட்டும் தூரம் குறுக்கிட்டு இந்தக் கணக்கை மாற்றும்.

பேட்டரிக்குள் இருக்கும் கணக்கு

இந்த முடிவு எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொள்ளப் பேட்டரியைக் கொஞ்சம் திறந்து பார்க்க வேண்டும். 18 வோல்ட் என்று எழுதப்பட்ட பேட்டரிக்குள் 3.6 வோல்ட் லித்தியம் அயான் செல்கள் ஐந்து வரிசையாக இணைக்கப்பட்டிருக்கின்றன. முழுதாகச் சார்ஜ் ஏறிய நிலையில் ஒவ்வொரு செல்லும் ஏறக்குறைய 4.2 வோல்ட் காட்டும் என்பதால், சில நிறுவனங்கள் அதே பேட்டரியை 20 வோல்ட் மேக்ஸ் என்று விற்கின்றன. உள்ளே இருப்பது அதே ஐந்து செல் வரிசைதான். வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் அதில் அடங்கியுள்ள ஆற்றல் வாட்-மணியில் கிடைக்கும். 2 ஆம்பியர்-மணி பேட்டரியில் 36 வாட்-மணியும், 4 ஆம்பியர்-மணி பேட்டரியில் 72 வாட்-மணியும், 5 ஆம்பியர்-மணி பேட்டரியில் 90 வாட்-மணியும் இருக்கின்றன.

இப்போது 600 வாட் இழுக்கும் ஒரு கை இழைப்பு மிஷினை எண்ணிப் பாருங்கள். 72 வாட்-மணி உள்ள பேட்டரி அந்த அளவு சுமையைத் தொடர்ந்து தாங்கினால் 7 நிமிடத்தில் காலியாகிவிடும். 850 வாட் கிரைண்டர் என்றால் 5 நிமிடம். பிரஷ்லெஸ், அதாவது கார்பன் பிரஷ் இல்லாத, மோட்டார் வைத்த பேட்டரி கருவிகள் அதே ஆற்றலைச் சற்றுச் சிக்கனமாகச் செலவழிக்கும் என்பதும், கருவி எப்போதும் முழுச் சுமையில் ஓடாது என்பதும் உண்மைதான். ஆனாலும் மில்லிலிருந்து வந்த அயனிக் கதவுப் பலகையை இருபுறமும் இழைத்து முடிக்க ஒரு பேட்டரி போதாது, இரண்டும் சந்தேகம்தான். இடையில் சார்ஜ் ஏறக் காத்திருக்க வேண்டியிருக்கும். அந்த வேலைக்கு வயர் மிஷின் இருந்தால் மதியச் சாப்பாட்டுக்கு முன் பலகையைச் சுவரில் சாய்த்து வைத்துவிடலாம்.

திருகாணி முறுக்கும் வேலையோ இதற்கு நேர்மாறானது. இரண்டு அங்குலத் திருகாணி ஒன்று மரத்துக்குள் இறங்கச் சில விநாடிகள் போதும்; 2 ஆம்பியர்-மணிச் சிறு பேட்டரி ஒரே சார்ஜில் நூற்றுக்கும் மேற்பட்ட திருகாணிகளை முறுக்கித் தரும். வீட்டுப் பட்டறையில் ஒரு நாளில் அதற்கு மேல் திருகாணி போடும் வேலை எப்போதாவதுதான் வரும்.

முதலில் வாங்க வேண்டியது

ஆகவே, வெறுங்கையோடு தொடங்குகிறவருக்கு என் பரிந்துரை தெளிவானது: முதல் கருவி பேட்டரி டிரில் டிரைவராகவே இருக்கட்டும். வசதியை விட முக்கியமான காரணம் ஒன்று இதற்கு உண்டு. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 13 மில்லிமீட்டர் வயர் இம்பாக்ட் டிரில் சுமையின்றி நிமிடத்துக்கு 2,800 சுற்று அளவில் ஓடும். அதில் முறுக்குவிசையை அறுத்து நிறுத்தும் கிளட்ச் பெரும்பாலும் இருக்காது. அதைக் கொண்டு திருகாணி முறுக்கினால் தலை தேய்ந்து போகும், அல்லது தலை பலகைக்குள்ளேயே புதைந்து மரம் பிளக்கும். பேட்டரி டிரில் டிரைவரில் இரண்டு கியர்கள் உண்டு. முதல் கியரில் நிமிடத்துக்கு 400, 500 சுற்றுதான். அதன் கழுத்தில் எண்கள் பொறித்த வளையம் கிளட்ச். குறித்த முறுக்கை எட்டியதும் அது கடகடவென்று நழுவிக் கருவி மேலும் முறுக்காமல் நிறுத்திவிடும்.

கதவுக்குக் கீல் பொருத்தும் வேலையை எடுத்துக்கொள்வோம். கீலைக் கட்டளையில், அதாவது கதவு நிலையில், வைத்துப் பென்சிலால் துளைகளைக் குறித்துக்கொண்டு, திருகாணியின் தண்டை விடச் சற்று மெல்லிய பிட்டால் முதலில் துளை போட வேண்டும். அயனியும் பலாவும் ஓரத்தில் சட்டென்று பிளக்கக்கூடியவை என்பதால் இந்த முன்துளையைத் தவிர்க்கக் கூடாது. பிறகு கிளட்ச் வளையத்தை ஐந்தாம் ஆறாம் எண்ணில் வைத்து முறுக்குங்கள். திருகாணி பாதியிலேயே நின்றால் ஓரிரு எண் கூட்டுங்கள். தலை கீலின் குழிக்குள் சமமாக அமரும் எண் எதுவோ அதுவே அந்த மரத்துக்கும் அந்தத் திருகாணிக்கும் உரிய எண். அதன்பின் மீதிக் கீல்கள் எல்லாவற்றிலும் ஒரே ஆழத்தில் தலைகள் அமரும். ஒரு கை கதவைத் தாங்கிக்கொண்டிருக்க, மறு கையால், முக்காலியின் மேல் நின்றபடி செய்யும் வேலை இது. காலைச் சுற்றும் வயர் அங்கே இல்லாதது பாதுகாப்புக்கும் நல்லது.

12 வோல்ட் போதுமா, 18 வோல்ட் வேண்டுமா என்று கேட்பவர்கள் தங்கள் சுவரைப் பார்த்து முடிவு செய்யலாம். இந்த வட்டாரத்தின் பழைய வீடுகள் பலவற்றில் வெட்டுக்கல் சுவர்கள் உண்டு. வெட்டுக்கல்லில் துளையிட அதிக வலு தேவையில்லை. 18 வோல்ட் ஹேமர் டிரில் 6, 8 மில்லிமீட்டர் துளைகளைச் சிரமமின்றிப் போடும். கல் மென்மையானதாகவும் குழிகள் நிறைந்ததாகவும் இருப்பதால் துளை பெரிதாகிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அங்கே கவனிக்க வேண்டியது. துளைக்குள் செருகும் சுவர்ப் பிளக்கில் சாதாரணமானதை விட நீளமானதைப் போட்டால்தான் திருகாணி பிடிக்கும். மரவேலை மட்டுமே என்றால் எடை குறைந்த 12 வோல்ட் போதுமானது. கான்கிரீட் கூரையிலோ தூணிலோ வரிசையாகத் துளை போட வேண்டி வந்தால் இவை இரண்டுமே சரிப்படாது. அதற்கு வயர் உள்ள ரோட்டரி ஹேமர் வேண்டும். இம்பாக்ட் டிரில்லில் முழு உடல் பாரத்தையும் கொடுத்து அழுத்தினாலும் கான்கிரீட்டில் நகராத பிட், ரோட்டரி ஹேமரில் அழுத்தாமலேயே இறங்கும், ஏனெனில் அதனுள் இருக்கும் பிஸ்டன் காற்றழுத்தத்தால் பிட்டின் பின்புறத்தை அடித்துக்கொண்டே இருக்கிறது. வீட்டுக்கு ஆண்டில் ஓரிரு முறை மட்டும் தேவைப்படும் இந்தக் கருவியை வாடகைக்கு எடுப்பதே சிக்கனம்.

வயர் இருக்க வேண்டிய இடங்கள்

இழைப்பு மிஷின், வட்ட ரம்பம், கிரைண்டர், பலகையைத் தேய்த்து வழவழப்பாக்கும் சாண்டர், மரத்தில் பள்ளம் வெட்டும் ரௌட்டர் ஆகிய ஐந்தையும் வீட்டுப் பட்டறையில் வயரோடு வைத்துக்கொள்வதே நல்லது. இவற்றின் வேலை ஒரே இடத்தில், மேசையின் மேல், பிளக் பாயிண்டின் அருகில் நடக்கிறது. வயர் இல்லாததால் கிடைக்கும் ஆதாயம் அங்கே மிகக் குறைவு. மாறாக, பேட்டரியின் எடை கையை வருத்தும். பத்து செல் உள்ள 18 வோல்ட் பேட்டரி ஒன்று மட்டுமே அரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். சாண்டரைக் கால் மணி நேரம் பலகையின் மேல் நகர்த்திக்கொண்டே இருக்கும் கைக்கு அந்த அரைக் கிலோ தெரியும்.

பனை மரத்தையோ முற்றிய தென்னையின் வெளிப்புற வைரத்தையோ அறுக்கிறவர்கள் இதை இன்னும் கண்டிப்பாகக் கொள்ள வேண்டும். பனையின் கறுப்பு நார்கள் பல்லை வெகு விரைவில் மழுக்கிவிடும். மழுங்கிய பிளேடு மரத்தை அறுப்பதற்குப் பதிலாக உரசிச் சூடாக்கும். அந்தச் சுமையில் பேட்டரி கருவி தானாக நின்றுவிடும் அல்லது பேட்டரி கொதிக்கும். கார்பைடு முனை வைத்த பிளேடும் 1,200 வாட்டுக்குக் குறையாத வயர் ரம்பமும் இருந்தால்தான் பனையோடு போராடலாம்.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். தனியாக வட்ட ரம்பம் வாங்காமல், டைல்ஸ் அறுக்கும் மார்பிள் கட்டரிலோ நான்கு அங்குலக் கிரைண்டரிலோ பல் வைத்த மரப் பிளேடைப் போட்டு அறுக்கும் வழக்கம் நம் பகுதியில் பரவலாக இருக்கிறது. கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று அளவில் ஓடும். மரப் பிளேடின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் உச்ச வேகம் பல நேரங்களில் அதை விடக் குறைவு. பல் மரத்தில் சிக்கினால் கருவி பின்னோக்கி உதைத்துக் கையிலிருந்தே பறந்துவிடும். கிரைண்டரின் காப்பு மூடி கல் தட்டுக்காகச் செய்யப்பட்டதே தவிரப் பல் பிளேடுக்காகச் செய்யப்பட்டதல்ல. கிரைண்டரில் மரப் பிளேடு போடவே கூடாது. பேட்டரியா வயரா என்ற தேர்வில் தவறினால் பணம்தான் போகும். இதில் தவறினால் விரல் போகும்.

ஜிக்சா மட்டும் நடுவில் நிற்கிறது. வளைவு அறுக்க எப்போதாவது எடுப்பவருக்குப் பேட்டரி ஜிக்சா நல்லது, ஏனெனில் வளைவைச் சுற்றி வரும்போது வயர் பலகையின் விளிம்பில் சிக்குவதில்லை. நாள் முழுக்க அறுப்பவர் வயரே வாங்கலாம்.

வயர் கருவி வாங்கினால் மின்சாரத்தையும் பார்க்க வேண்டும்

வயர் கருவியின் விலையோடு செலவு முடிந்துவிடுவதில்லை என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். விதிப்படி அது 6 சதவீதம் வரை ஏறி இறங்கலாம், அதாவது 216 முதல் 244 வரை. மின்மாற்றியிலிருந்து தள்ளி, விளைகளுக்கு நடுவே இருக்கும் வீடுகளில் மாலை நேரத்தில் அதற்கும் கீழே போவதுண்டு. சாதாரணப் பிளக் பாயிண்ட் 6 ஆம்பியர் தாங்கும். 230-ஆல் பெருக்கினால் 1,380 வாட். ஆகவே, 1,200 வாட்டைத் தாண்டிய ரம்பத்தையோ கட்டரையோ 16 ஆம்பியர் பவர் பிளக்கில்தான் சொருக வேண்டும். சாய்ப்பில் அப்படி ஒரு பவர் பிளக் இல்லையென்றால், கருவி வாங்குவதற்கு முன் எலக்ட்ரீஷியனை அழைத்து, 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்பு வயரில் தனி லைன் இழுத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்டென்ஷன் வயரில்தான் பெரும்பாலான கருவிகள் வீணாகின்றன. பந்தல்காரர் வைத்திருப்பது போன்ற 0.75 சதுர மில்லிமீட்டர் மெல்லிய வயரை 30 மீட்டர் நீட்டினால், போக வர 60 மீட்டர் செம்பின் தடை 1.4 ஓம் ஆகிறது. 6 ஆம்பியர் இழுக்கும் ரம்பம் ஓடும்போது அதில் 8 வோல்ட்டுக்கு மேல் இழப்பு ஏற்படும். வயருக்குள்ளேயே 50 வாட் வெப்பமாக வீணாகும். வயரைச் சுருட்டிய நிலையிலேயே பயன்படுத்தினால் அந்த வெப்பம் வெளியேற வழியின்றிச் சுருளுக்குள் தங்கி, மேலுறை இளகத் தொடங்கும். பிளேடு சிக்கும் கணத்தில் மோட்டார் இரண்டு மூன்று மடங்கு மின்னோட்டம் இழுக்கும். இழப்பும் அதே மடங்கு உயரும். ஏற்கெனவே 205 வோல்ட் மட்டும் வரும் வீட்டில் அந்த நேரத்தில் கருவிக்குக் கிடைப்பது 185 வோல்ட் அளவுதான். வேகம் குறைந்த கருவியை நாம் கூடுதலாக அழுத்துவோம், மோட்டாரின் விசிறியும் மெதுவாகச் சுழல்வதால் சூடு வெளியேறாது, மோட்டாருக்குள் சுழலும் கம்பிச் சுற்றான ஆர்மேச்சர் எரியும். அதே 30 மீட்டருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் இழப்பு இரண்டரை வோல்ட்தான்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட் அளவில் வைத்து, எக்ஸ்டென்ஷன் பெட்டியின் இரண்டாவது சாக்கெட்டில் முனைகளைப் பொருத்திக்கொள்ளுங்கள். முனைகளின் உலோகத்தில் விரல் படாமல் பிடிப்பது முக்கியம். கருவி ஓடாதபோது காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டு, வீட்டில் இன்னொருவரை ஒரு பலகையை அறுக்கச் சொல்லுங்கள். அறுக்கும் வேளையில் எண் பத்து வோல்ட்டுக்கு மேல் சரிந்தால் வயரோ அதன் இணைப்போ சரியில்லை. வேலை முடிந்ததும் வயரைக் கையால் தடவிப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் அதை வேறு சிறு வேலைக்கு ஒதுக்கிவிட்டுத் தடித்த வயர் வாங்குங்கள்.

வயர் கருவிகளின் உடலில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் வரைந்த குறி இருந்தால் அது இரட்டைக் காப்பு உள்ள கருவி. அதற்கு எர்த் முள் தேவையில்லை, இரண்டு முள் பிளக்கோடு வருவது அதனால்தான். பெஞ்ச் கிரைண்டர், மேசையில் நிறுத்திவைக்கும் டிரில் போன்ற உலோக உடல் கொண்டவற்றுக்கு எர்த் கட்டாயம். எந்தக் கருவியானாலும், பட்டறை லைனில், மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று இருந்தாக வேண்டும். எல்லைக்கு இரு புறமும் இதை இ.எல்.சி.பி. என்று சொல்லும் வழக்கமே இன்னும் இருக்கிறது. கடையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஈரத் தரையில் செருப்பில்லாமல் நின்று வேலை செய்கிற வழக்கம் உள்ள நமக்கு, இந்தச் சிறு பெட்டி வேறு எந்தக் கருவியை விடவும் முதலில் வாங்க வேண்டியது.

வீட்டு இன்வெர்ட்டரில் வயர் கருவிகளை ஓட்டுவதைத் தவிருங்கள். கிரைண்டர் கிளம்பும்போது இழுக்கும் மின்னோட்டத்தைச் சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் தாங்குவதில்லை. பேட்டரி கருவியின் சார்ஜரோ சைன் வேவ் இன்வெர்ட்டரில் நன்றாகவே ஓடும். ஆடிக் காற்றில் தென்னை மட்டை லைனில் விழுந்து பாதி நாள் கரண்ட் போய்விடும் ஊர்களில், பேட்டரி கருவிக்கு ஆதரவாகச் சொல்லத்தக்க வலுவான வாதம் இதுவே.

இரண்டு மழையும் நம் கருவிகளும்

தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்யும் மாவட்டம் இது. ஜூன் முதல் டிசம்பர் வரை காற்றில் ஈரம் குறைவதே இல்லை. குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் உப்பும் சேர்ந்துகொள்ளும். வயர் கருவி, பேட்டரி கருவி இரண்டையுமே இந்த ஈரம் பாதிக்கிறது, ஆனால் வெவ்வேறு இடங்களில்.

சாதாரண வயர் கருவியின் மோட்டாரில் கார்பன் பிரஷ்கள் இரண்டு, சுழலும் செம்புக் கம்யூட்டேட்டரை அழுத்தித் தொட்டுக்கொண்டே இருக்கும். காற்றுத் துளையின் வழியே பார்த்தால் அங்கே சிறு நீலப் பொறி தெரிவது இயல்பு. பொறி வளையமாகச் சுற்றி எரிவதுபோல் தெரிந்தாலோ கருவி விட்டு விட்டு ஓடினாலோ உடனே நிறுத்திப் பிரஷ்களைப் பார்க்க வேண்டும். பிளக்கைக் கழற்றிவிட்டு, மோட்டாரின் இரு பக்கங்களிலும் உள்ள வட்ட மூடிகளைத் தட்டைத் திருப்புளியால் திருகினால், ஸ்பிரிங் தள்ள பிரஷ் வெளியே எட்டிப் பார்க்கும். அதன் பக்கவாட்டில் தேய்மானக் கோடு இருக்கும். கோடு வரை தேய்ந்திருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றினால் மறுபக்கம் பொறி கூடும். புதிய பிரஷ் போட்டதும் சுமையின்றிச் சில நிமிடங்கள் ஓடவிட்டால் அதன் முனை கம்யூட்டேட்டரின் வளைவுக்கு ஏற்பத் தேய்ந்து பொருந்திக்கொள்ளும். வீட்டுப் பயன்பாட்டில் வயர் கருவிக்கு வரும் பழுதுகளில் பெரும்பகுதி இந்தப் பிரஷும் சுவிட்சும்தான்; இரண்டையும் ஊரிலுள்ள மோட்டார் ரீவைண்டிங் கடையிலேயே சரிசெய்து கொள்ளலாம். எரிந்த ஆர்மேச்சரைக்கூட மாற்றித் தருவார்கள். வயர் கருவியை நம்பி வாங்கலாம் என்று நான் சொல்வதற்கு இந்தப் பழுதுபார்ப்பு வசதி பெரிய காரணம்.

பேட்டரியின் நிலை வேறு. அதனுள் இருக்கும் செல்களுக்கும் சிறு சர்க்யூட் பலகைக்கும் ஊரில் வைத்தியம் கிடைப்பது அரிது. பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் செல்கள் ஆண்டுதோறும் முதுமையடைந்துகொண்டே இருக்கும், வெப்பம் அதை விரைவாக்கும். தகரக் கூரையோ ஆஸ்பெஸ்டாஸ் கூரையோ போட்ட சாய்ப்பில் பேட்டரியை விட்டுவைக்காதீர்கள். கோடையில் வெயில் ஏறியதும் உள்ளே 40 டிகிரியைத் தாண்டிவிடும். வீட்டுக்குள் காற்றோட்டமான அலமாரியில், பாதி சார்ஜில், மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இரண்டோடு வைத்தால் நெடுநாள் உழைக்கும். கிரைண்டரிலோ ரம்பத்திலோ ஓடிச் சூடான பேட்டரியை அந்தச் சூட்டோடு சார்ஜரில் மாட்டக் கூடாது. கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு மாட்டுங்கள். முனைகளில் பச்சைக் களிம்பு தெரிந்தால் உலர்ந்த பிரஷால் துடைத்துவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மாலைகளில் மலைப்பக்கத்திலிருந்து இடி முழக்கம் கேட்டதும் வயர் கருவியை நிறுத்திப் பிளக்கைக் கழற்றிவிடுவது நம் பகுதியில் தவிர்க்க முடியாத ஒழுக்கம். மின்னல் லைனில் இறங்கினால் சார்ஜரும் போய்விடும். ஆகவே சார்ஜரையும் கழற்றிவிடுங்கள். அந்த வேளையில் மீதித் திருகாணிகளைப் பேட்டரி டிரில்லால் முறுக்கி முடித்துவிடலாம்.

கடையில் கவனிக்க வேண்டியவை

பேட்டரி கருவியில் நாம் வாங்குவது ஒரு கருவியை மட்டும் அன்று, ஒரு பேட்டரி வரிசையைத்தான். ஒரு நிறுவனத்தின் பேட்டரி இன்னொன்றில் பொருந்தாது; ஒரே நிறுவனத்திலும் எல்லாம் பொருந்திவிடும் என்று எண்ண வேண்டாம். பாஷ் நிறுவனத்தின் பச்சை நிற வீட்டு வரிசை 18 வோல்ட் பேட்டரி, அதே நிறுவனத்தின் நீல நிறத் தொழில்முறை வரிசையில் பொருந்தாது. மகிட்டாவில் எல்.எக்ஸ்.டி. வரிசையும் ஜி வரிசையும் இரண்டுமே 18 வோல்ட்தான், ஆனால் பேட்டரிகள் வேறு. முதல் டிரில்லை வாங்கும்போதே, பின்னால் ஜிக்சாவோ இம்பாக்ட் டிரைவரோ புல்வெட்டியோ அதே வரிசையில் கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டால், அடுத்த கருவியைப் பேட்டரி இல்லாமல் வெறும் உடலாக மலிவாக வாங்கலாம். நல்ல 18 வோல்ட் பேட்டரி ஒன்றின் விலைக்கு ஏறக்குறைய ஒரு வயர் டிரில்லே வந்துவிடும் என்பதால் இது சிறிய சேமிப்பல்ல. பெட்டியில் வரும் சார்ஜர் எத்தனை ஆம்பியர் என்றும் பாருங்கள். 2 ஆம்பியர் சார்ஜரில் 4 ஆம்பியர்-மணி பேட்டரி நிறைய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

48 வோல்ட், 88 வோல்ட் என்று பெரிய எழுத்தில் போட்டு, பெட்டி நிறைய பிட்டுகளோடு மலிவு விலையில் வரும் பெயர் தெரியாத டிரில்களை நம்பாதீர்கள். அவற்றின் பேட்டரியைத் திறந்தால் உள்ளே பெரும்பாலும் அதே ஐந்து செல் வரிசைதான் இருக்கும். ஐந்து லித்தியம் அயான் செல்கள் சேர்ந்து 21 வோல்ட்டைத் தாண்ட முடியாது. உறையின் மேல் ஆம்பியர்-மணியும் வாட்-மணியும் தெளிவாக அச்சிடப்படாத பேட்டரியை வாங்க வேண்டாம்.

நாகர்கோவிலில் வாங்குவதா, திருவனந்தபுரத்தில் சாலை என்னும் கடைத்தெருவில் வாங்குவதா என்று இந்தப் பக்கத்தில் கேட்காதவர் இல்லை. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்துவிட்டதால் மாநிலத்துக்கு மாநிலம் வரி வேறுபாடு என்ற பழைய காரணம் இப்போது இல்லை. பத்து இருபது ரூபாய்க் குறைவைப் பார்ப்பதை விட, அந்த நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர் இரு நகரங்களில் எதில் இருக்கிறது, அங்கே ஸ்பேர் இருப்பில் உண்டா என்று தொலைபேசியில் கேட்டுவிட்டு அந்த நகரத்திலேயே வாங்குங்கள். வரிசை எண் எழுதிய பில்லை வாங்கிக்கொண்டு, வாரண்டியை நிறுவனத்தின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டுமா என்று அட்டையில் பாருங்கள். பதிவு செய்தால்தான் கூடுதல் மாதங்கள் தரும் நிறுவனங்கள் உண்டு, அதற்கும் நாள் கெடு இருக்கும். பணம் கொடுக்கும் முன் கடையிலேயே பேட்டரியை மாட்டி, இரண்டு கியரிலும் ஓடவிட்டு, பிட்டைப் பிடிக்கும் சக்கில் நேரான பிட் ஒன்றைப் போட்டு அதன் முனை ஆடாமல் சுழல்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வயர் கருவியானால் வயரின் நீளத்தையும், அது உடலுக்குள் நுழையும் இடத்தில் ரப்பர் உறை உறுதியாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

ஆயுள் முடிந்த பேட்டரியைப் பழைய இரும்புக்காரரிடம் போடுவதையும் விளையில் குப்பையோடு எரிப்பதையும் செய்யாதீர்கள். லித்தியம் செல் நசுங்கினாலோ சூடானாலோ தீப்பிடிக்கும், அந்தத் தீ எளிதில் அணையாது. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள் பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை உற்பத்தியாளர்கள் மேல் வைத்திருக்கின்றன. ஆகவே முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, புதிய பேட்டரி வாங்கப் போகும்போது பழையதைச் சர்வீஸ் சென்டரிலேயே ஒப்படைத்துவிடுங்கள்.